டிரிப் ஆகாத டிரிப்பர்

வாங்க சார், உள்ள வாங்க. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. ஐ.எஸ்.ஐ. மார்க் ஆபீசுல இருந்து வர்றேன்னு நீங்க வாசல்ல நின்னு சொன்னப்பவே எனக்கு வெளங்கிப்போச்சுங்க. எங்க மச்சான் குப்புராசோட எலக்ட்ரிக் கடையப் பத்தி எவனோ கம்ப்ளைண்ட் போட்டிருக்கறான். எவனோ என்னங்க எவனோ. எவன் இல்ல, எவ. எங்க மேல் வீட்டுல பெனிட்டான்னு ஒரு புள்ள குடியிருந்தா, அவதான். எனக்குத் தெரியாதுங்களா?

நீங்க நேரா எங்கிட்ட வந்தது நல்லதாப் போச்சு. மச்சானப் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்றதுக்கு என்னைய விட ஆளு கெடைக்காதுங்க. அவரு குடுத்த சாமான வீட்டுல மாட்டி அனுபவிச்சவன் நான். நோட்டு கொண்டாந்திருக்கறீங்களா? எழுதிக்குங்க. எம்பேரு சென்னியப்பன். மில்லுல ஸ்பின்னிங் மேஸ்திரியா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த சிங்காநல்லூர்ல மேல ஒரு வீடு, கீழ ஒரு வீடு, ஒரே பொண்ணு, இவ்வளவுதானுங்க நம்ம சொத்து. மச்சான்னா எம் பொண்டாட்டிக்கு அண்ணன். ருக்கு, சாருக்கு ஒரு காப்பி போடு, சக்கரை கேட்டுட்டுப் போடு.

டிரிப்பரப் பத்தி உங்களுக்கு நான் சொல்லோணுமா? எம்.சி.பி.ன்னு நீங்க சொல்லுவீங்க, நாங்க டிரிப்பர்ம்போம். அந்தக் காலத்துல பீஸ் கட்டை இருந்துச்சு, பீஸ் போச்சுன்னா ஒரு கம்பி இழையச் சுத்தி விட்டாத் தீந்துது. இப்ப இந்தச் சனியன். எங்க வீட்டுல மொதல்ல மாட்டியிருந்தது பேர் போன கம்பெனி சாமானுங்க. எலக்ட்ரீசியன் பேச்சக் கேட்டு வாங்கிப்போட்டேன். அது ஒரு ரோசக்காரச் சாமான் சார். ஏ.சி. ஓடறப்ப கீசரப் போட்டா டப்னு விழுந்துக்கும். கிரைண்டரோட மோட்டாரையும் போட்டா விழுந்துக்கும். சொந்த வீட்டுல, சொந்தக் கரண்ட்டு பில்லு கட்டி, ஒண்ணு போட்டா ஒண்ண அணைன்னு அது நம்மள அதிகாரம் பண்ணுது. மில்லுல எனக்கு மேல இருந்த மேனேஜர் கூட அத்தன அதிகாரம் பண்ணதில்லீங்க.

சரி, அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாத காரியம் ஒண்ணு பண்ணிப்போடுச்சு. அதத்தான் நீங்க எழுதிக்கோணும்.

எம் பொண்ணு பேரு கோகிலவாணி. எம்.காம். படிச்சிருக்கா. வீட்டு வேலையெல்லாம் சுத்தமாச் செய்வா, அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டா. ஜாதகத்துல சின்னதா ஒரு தோசம் இருந்துச்சு, அதனால சித்த இழுத்துக்கிட்டே போச்சு. சொந்தக்காரங்க வீட்டு விசேசத்துக்குப் போனா, சாப்பிட்டீங்களான்னு கேக்கறதுக்கு முன்னால, பொண்ணுக்கு எப்பன்னு கேக்கறாங்க. அதனாலயே நான் விசேசத்துக்குப் போறத விட்டுட்டனுங்க. அப்படியிருக்கறப்ப கார்த்திகை மாசம் பொள்ளாச்சில இருந்து ஒரு எடம் வந்துச்சு. தென்னந்தோப்பு, நல்ல குடும்பம், பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது.

சாயங்காலம் வந்தாங்க. காப்பி குடிச்சாங்க. பொண்ணப் புடிச்சுப்போச்சு. பையனோட அம்மா, "அப்ப இன்னைக்கே ஒரு பூவ வெச்சு உறுதி பண்ணிக்கலாங்களா"ன்னு கேட்டுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. அந்தம்மா கவர்ல இருந்து மல்லிப்பூவ எடுத்துச்சு. கோகிலா தலையக் குனிஞ்சு நிக்கறா. உள்ள ருக்கு மறுபடியும் வடை சுடறதுக்கு மாவாட்டறேன்னு கிரைண்டரப் போட்டா.

டப்.

வீடே இருட்டுங்க. நான் தட்டுத் தடுமாறி ஓடி, மாடிப்படிக்குக் கீழ இருக்கற போர்டுல டிரிப்பரத் தூக்கி விட்டுட்டு வந்தேன். வெளிச்சத்துல பாத்தா, அந்தம்மா பூவத் திரும்பவும் கவருக்குள்ள போட்டுக்கிட்டு இருக்குது. "ஊருக்குப் போயிட்டுச் சொல்லி உடறோமுங்க"ன்னாங்க. பூ வெக்கற நேரத்துல விளக்கு அணைஞ்சா யாரு சார் பொண்ணெடுப்பா? நானே எடுக்க மாட்டேன். அவங்களத் தப்புச் சொல்லவே மாட்டேன். தப்பு பூராவும் அந்தக் கம்பெனிக்காரனோட டிரிப்பர் மேலதான். அதுல உங்க ஆபீசு மார்க்கும் இருந்துச்சு, அதையும் சொல்லிப்போடறேன், கோவிச்சுக்காதீங்க.

அன்னைக்கு ராத்திரி கோகிலா பாத்திரத்தையெல்லாம் அவளே கழுவி வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா. எனக்கு மனசே ஆறலீங்க. விடிஞ்சதும் மச்சான் கடைக்குப் போய் நின்னேன்.

"மச்சான், எனக்கு டிரிப் ஆகாத டிரிப்பர் ஒண்ணு வேணும்"னேன்.

மச்சான் சிரிச்சாரு. "ஏனுங்க மாப்பிள்ள, சொந்தக் கடைய வெச்சுக்கிட்டு வெளிய வாங்குனீங்களே, இது உங்களுக்குத் தேவையா"ன்னு கேட்டுட்டு, நேரா கடைக்குப் பின்னால இருக்கற குடோனுக்குக் கூட்டிட்டுப் போனாரு. எழுதிக்குங்க சார், குடோனு கடைக்கு நேர் பின்னால, சந்துக்குள்ள நீலக் கதவு. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுந் தெரியாது. உள்ள போனா மூட்டை மூட்டையா டிரிப்பருங்க. அரிசி மண்டி தோத்துப்போகும். சும்மா நாலு பீஸ வெச்சுக்கிட்டு யாவாரம் பண்ற ஆளு இல்லீங்க எங்க மச்சான். இந்த ஜில்லாவுல கட்டற வீட்டுல பாதி வீட்டுக்கு அவரு சாமான்தான் போகுது. ஈரோட்டுக்கும் கரூருக்கும் வேன்ல போகுது. அதையும் எழுதிக்குங்க, அவருக்கு ஒரு மதிப்பா இருக்கும்.

ஒண்ணக் கையில குடுத்தாரு. எடுத்துப் பாத்தா பஞ்சாட்டம் லேசா இருக்குது. கம்பெனி சாமான் கல்லுக் கனம் கனக்குமுங்க. இப்பத்தான் எல்லாமே லேசா வருதே, போனு, டி.வி. எல்லாம். அந்த மாதிரி புது மாடல்னு நெனச்சுக்கிட்டேன்.

"இது எப்பேர்ப்பட்ட லோடு வந்தாலும் விழாது மாப்பிள்ள. விழறதுக்குண்டான சமாச்சாரமே உள்ள கெடையாது"ன்னாரு மச்சான். அப்படியே சொன்னாருங்க. ஒளிவு மறைவு இல்லாத மனுசன். எந்தக் கடைக்காரன் சார் உள்ள என்ன இருக்குது, என்ன இல்லேன்னு சொல்லி விக்கறான்?

மார்க்கா? மார்க் இல்லாம இருக்குமா சார். கம்பெனிக்காரன் சாமான்ல உங்க ஐ.எஸ்.ஐ. மார்க் கடுகாட்டம் இருக்கும், கண்ணாடி போட்டுத் தேடோணும். மச்சான் சாமான்ல பளிச்சுனு ரெண்டு பக்கமும் இருக்குது. உங்க ஆபீசு மேல அவருக்கு அத்தன மரியாதைங்க. கல்யாணப் பத்திரிகை அடிக்கற நம்ம பிரஸ்காரர்கிட்டத்தான் அந்த ஸ்டிக்கரையும் அடிக்கறாரு. நானே ஒருக்கா போய் வாங்கிட்டு வந்து குடுத்திருக்கறேன். அந்தப் பிரஸ்காரர், "சென்னியப்பண்ணா, கோகிலா கல்யாணப் பத்திரிகை நம்மகிட்டத்தான்"னு அப்பவே சொல்லி வெச்சாரு. வேணும்னா அவரையும் கேட்டுப் பாருங்க, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல.

காப்பி சூடு ஆறுது சார், குடிங்க.

டிரிப்பர மாட்டுனோம். அதுக்கப்பறம் எங்க வீட்டுக்கு ஒரு சுதந்திரம் வந்துச்சு பாருங்க. ஏ.சி., கீசர், கிரைண்டர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி, எல்லாத்தையும் ஒட்டுக்காப் போடுவேன். அதுவாட்டுக்கு நிக்கும். சும்மாவாச்சும் போட்டுப் பாப்பனுங்க. ருக்கு கூட, "இத்தன வருசத்துல இப்பத்தான் எங்கண்ணன் ஒரு நல்ல சாமான் குடுத்திருக்கறாரு"ன்னா. மார்கழிக் குளுருக்கு சுவரு கூட வெதுவெதுன்னு இருக்கும். உள் ரூம்புல சுவிட்ச் போர்டு இருக்குதுல்லீங்க, அதுக்குக் கீழ பக்கத்து வீட்டுப் பூனை வந்து சுருண்டு படுத்துக்கும். அந்த எடத்த விட்டு அசையாது. வாயில்லாச் சீவனுக்குத் தெரியுது சார், எது நல்ல எடம்னு.

தெரியாதது அந்த பெனிட்டாவுக்குத்தான். நாகர்கோயில் பக்கத்துப் புள்ள. பீளமேட்டுல எலக்ட்ரிக் சாமான டெஸ்ட் பண்ற லேப் ஒண்ணு இருக்குதாம், அதுல வேல. என்ன வேலைன்னு கேட்டேன். "கம்பெனிக்காரங்க அனுப்பற எம்.சி.பி.ய ஆயிரக்கணக்கான தடவ போட்டு அணைச்சுப் பாப்போம் அங்கிள். அப்பறம் அது தாங்குற கரண்ட்ட விட ஜாஸ்தி குடுத்து, சரியான நேரத்துல விழுதான்னு பாப்போம். விழலேன்னா பெயில்"னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. விழுந்தாப் பாஸாம், நின்னாப் பெயிலாம். நாளெல்லாம் நல்ல சாமானக் கருக்கறதுக்கு மாசா மாசம் சம்பளம். இந்த மாதிரி வேலையெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் கெடைக்குது.

ஒரு நாள் ஸ்கூட்டர எடுக்க மாடிப்படிக்குக் கீழ வந்தவ, போர்டப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டா. "அங்கிள், இத எங்க வாங்குனீங்க?" மச்சான் கடைலன்னேன். போன எடுத்து, மார்க்குக்குக் கீழ இருக்கற நம்பரப் போட்டுப் பாத்தா. "அங்கிள், இந்த நம்பரு ஒரு பிளாஸ்டிக் வாளிக் கம்பெனிக்குக் குடுத்தது"ன்னா.

இருந்தா என்னங்க? வாளிக்கும் ஐ.எஸ்.ஐ., டிரிப்பருக்கும் ஐ.எஸ்.ஐ., எல்லாம் ஒரே கவர்மெண்டு தானுங்களே. நம்ம ரேசன் கார்டு நம்பர வெச்சு அரிசியும் வாங்கறோம், பருப்பும் வாங்கறோம். அப்படித்தான் அவகிட்டச் சொன்னேன். அவ என்னைய ஒரு மாதிரி பாத்தா. "இத மாத்தாம இருக்காதீங்க அங்கிள். நானே நல்லது வாங்கித் தர்றேன், காசு கூட வேண்டாம்"னா. குடி வந்தவ, ஊட்டுக்காரனுக்கு டிரிப்பர் வாங்கித் தர்றாளாம். கௌரவக் கொறச்சலா இல்லீங்களா?

அவ எங்கிட்டப் பேசிப் பிரயோசனமில்லேன்னு கோகிலாகிட்டப் பேச ஆரமிச்சா. ரெண்டும் மொட்டமாடில துணி காயப் போடற சாக்குல மணிக்கணக்காப் பேசிக்கும். ஒரு நாள் கோகிலா வந்து, "அப்பா, பழசையே மாட்டிருங்கப்பா. விளக்கு அணைஞ்சா அணைஞ்சுட்டுப் போகுது. அதப் பாத்துட்டு வேண்டாங்கறவங்க வேண்டாம்"னா. பொண்ணு பேசற பேச்சுங்களா இது? யாரு சொல்லிக் குடுத்ததுன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ளைக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் கெடையாது. நமக்கு இருக்குதுங்களே.

அதுக்கு மேல ஒரு கொடுமை. தை பொறந்ததுல இருந்து வீட்டுல மீன் வாசம். நாங்களும் கறி மீன் திங்கறவங்கதான், இல்லேங்கல. அதுக்காக வெள்ளிக்கிழமையும் செவ்வாக்கிழமையுமா? அதுவும் எம் பொண்ணுக்கு எடம் பாத்துக்கிட்டு இருக்கறப்ப? மேல போய் சத்தம் போட்டனுங்க. "ஏம்மா, விளக்கு வெக்கற நேரத்துல மீன் வறுக்கறியே, கீழ குடும்பம் இருக்கறது தெரியலையா"ன்னேன். அவ சமையல் ரூம்பக் காட்டறா. ரசமும் அப்பளமும் இருக்குது. "நான் மீன் வாங்கியே வாரக்கணக்காச்சு அங்கிள். பிளாஸ்டிக் சூடேறுனா இந்த வாசந்தான் வரும். இது உங்க சுவருக்குள்ள இருந்து வருது. ஒரு வாட்டி வந்து கைய வெச்சுப் பாருங்க"ங்கறா.

சுவருக்குள்ள மீன் வறுக்கறாங்களாம் சார். நீங்க சிரிக்க மாட்டேங்கறீங்க, நான் சிரிச்சுட்டேன். அந்த மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன்.

இதுக்கு நடுவுல காங்கயத்துல இருந்து எடம் வந்துச்சு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில கணக்குப் பாக்கறான். பொள்ளாச்சிய விட நல்ல எடம். ஜாதகம் அப்படியே ஒட்டுது. இத விட்டா அடுத்தது எப்பவோன்னு ஜோசியரு பயமுறுத்திப்போட்டாரு. ஒரு வெள்ளிக்கிழம சாயங்காலம் பொண்ணு பாக்க வர்றதா ஏற்பாடு.

அன்னைக்கு வீட்ட எப்படி வெச்சிருந்தேங்கறீங்க. ஹால்ல ஏ.சி. வாசல்ல சீரியல் செட்டு. அவங்களுக்குக் கை கால் கழுவச் சுடுதண்ணிக்கு கீசர். கிரைண்டரு ஒரு பக்கம், தண்ணித் தொட்டிக்கு மோட்டாரு ஒரு பக்கம். ஸ்பீக்கர்ல நாதசுரம். எல்லாமே ஓடுது, டிரிப்பர் சிங்கமாட்டம் நிக்குது. எனக்கு அத்தன தைரியம். இன்னைக்கு விளக்கு அணையாது, எம் பொண்ணு தலையில பூ ஏறிரும்னு கண்டிசனா நம்பினேன்.

ஒரே தொந்தரவு அந்த மீன் வாசம். அன்னைக்குன்னு பாத்து நெம்ப ஜாஸ்தி. வர்றவங்க என்ன நெனப்பாங்க? ருக்குவ விட்டு சாம்பிராணி போடச் சொன்னேன். ஒரு தட்டு பத்தல, மூணு தட்டு. ஹாலே மேகமாட்டம் ஆயிருச்சு. காங்கயத்துக்காரங்க உள்ள வந்தாங்க. பையனோட அம்மா மூக்க இழுத்து, "வெள்ளிக்கிழமைன்னா இப்படித்தான் இருக்கோணும். கோயிலுக்குள்ள வந்தாப்புல இருக்குது"ன்னுச்சு. பாதி கல்யாணம் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

அந்த நேரத்துல வாசக் கதவத் தட்டறா பெனிட்டா. "அங்கிள், கருகற வாசம் மேல வரைக்கும் வருது. மெயின அணைங்க, மெயின அணைங்க"ன்னு. பொண்ணு பாக்க வந்திருக்கறப்ப விளக்க அணைக்கச் சொல்றா சார். இதுக்கு மேல ஒரு அபசகுனம் உண்டுங்களா? நான் உள்தாப்பாள் போட்டுட்டேன். "மேல குடியிருக்கற புள்ள. காலி பண்ணச் சொன்னதுல கோவம்"னு வந்தவங்ககிட்டச் சொல்லிச் சமாளிச்சேன். சத்தம் கேக்காம இருக்கட்டும்னு நாதசுரத்த சித்தக் கூட்டி வெச்சேன்.

கோகிலா உள் ரூம்புல இருந்தா. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமுங்க. பொண்ணு காப்பித் தட்டக் கையில புடிச்சுக்கிட்டுக் கதவுக்குப் பின்னால நிக்கோணும். பெரியவங்க பேசி முடிச்சு, பொண்ண வரச் சொல்லுங்கன்னு கூப்பிட்டாத்தான் வரோணும். அதுக்கு முன்னால வந்தா அடக்கமில்லாத பொண்ணும்பாங்க. கோகிலா அடக்கமானவ. நின்னுக்கிட்டே இருந்தா. பையனோட அப்பா தோப்புல தண்ணி இல்லாத கதைய ஆரமிச்சாரு, அது முடியற வழியக் காணோம். கதவுக்குக் கீழ புகை வருது. பையனோட அம்மா, "உள்ளயும் சாம்பிராணி போட்டிருக்கறீங்களா"ன்னு கேட்டுச்சு. ஆமாங்கன்னேன்.

அப்பறந்தான் கதவத் தொறந்துக்கிட்டு அவளே வெளிய வந்தா. சுவிட்ச் போர்டு புடிச்சு, அதுல இருந்து திரைச்சீல புடிச்சு, அதுல இருந்து அவ ஜாக்கெட்டு கை புடிச்சிருச்சு. காப்பித் தட்டு கையிலயே இருந்துச்சுங்க. அதக் கீழ வெச்சுட்டுத்தான் விழுந்தா.

ருக்கு கம்பளியப் போட்டு அமுக்குனா. நான் வாசக் கதவத் தொறந்துட்டு ஓடி டிரிப்பரக் கீழ தள்ளுனேன். இதத்தான் சார் நீங்க முக்கியமா எழுதோணும். தள்ளியும் கரண்ட்டு நிக்கல. அது கீழ வந்துருச்சு, ஆனா லைட்டு எரியுது, ஏ.சி. ஓடுது, நாதசுரம் வாசிக்குது. நாமளே அணைச்சாலும் அணையாத அளவுக்கு உறுதி. அத்தன புகையிலயும் ஒரு லைட்டு ஒரு சிமிட்டுச் சிமிட்டல. மச்சான் குடுத்த வாக்குல எள்ளளவும் கொறையிருந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது.

விளக்க அணைச்சது யாரு தெரியுங்களா? அவதான், பெனிட்டா. என்னையத் தள்ளிட்டு, நான் பூட்டி வெச்சிருந்த மீட்டர் பாக்ஸ ஒடச்சுத் தொறந்து ஈ.பி. பீஸ் கட்டையப் புடுங்கிப்போட்டா. வீடு இருட்டாச்சு. காங்கயத்துக்காரங்க இருட்டுலயே செருப்பத் தேடிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆக, டிரிப்பர் அணைக்கல, அவ அணைச்சா. அந்தச் சம்பந்தம் முறிஞ்சதுக்கு யாரு காரணம்னு நீங்களே சொல்லுங்க.

கோகிலாவுக்கா? ஒண்ணும் பெருசா இல்லீங்க. எடது கை, தோளுக்குக் கீழ இருந்து மணிக்கட்டு வரைக்கும். முழுக்கை ஜாக்கெட் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது. போட்டுக்கன்னு அஞ்சாறு தெச்சுக் குடுத்திருக்கறேன். ஆஸ்பத்திரில கட்டு மாத்தறப்ப பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பா, ஒரு சத்தம் போட மாட்டா. நான் வெளிய வராந்தாவுல போய் நின்னுக்குவேன். என்னால அதப் பாக்க முடியலீங்க. ஒரே பொண்ணு சார். தூக்கி வளத்த கை.

மச்சான் பாக்க வந்தாரு. வெறுங்கையோட வரல, இதவிடப் பெரிய டிரிப்பரு ஒண்ணு சும்மாவே கொண்டாந்தாரு. வாசல்லயே கோகிலா நிறுத்திப்போட்டா. "உள்ள வராதீங்க மாமா"ன்னா. தாய்மாமன சார். மூத்தவங்ககிட்ட அவ அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல. எல்லாம் அந்த மேல் வீட்டுச் சகவாசம். அது காலி பண்ணிப் போனதுக்கப்பறமும் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்குதுங்க. இப்பப் பாருங்க, உங்க ஆபீசு வரைக்கும் கம்ப்ளைண்ட் போட்டு...

என்னுங்க? அவ இல்லீங்களா? பின்ன யாரு?

எந்த கோகிலவாணி?

இல்லீங்க, வேற யாராவது இருக்கும். எம் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா. மாமன் கடை மேலயா? அவளுக்கு உங்க ஆபீசு எங்க இருக்குதுன்னே தெரியாதுங்களே.

கண்ணு, நீ எதுக்கு வெளிய வர்றே? சார் எங்கிட்டத்தான் பேசிக்கிட்டு இருக்கறாரு. உள்ள போ. இது என்ன கோலம், அரைக்கை ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு. ருக்கு, ஒரு துண்டக் குடு அவளுக்கு. ஆம்பள ஆபீசர் வந்திருக்கறாரு, கையத் தொறந்து போட்டுக்கிட்டு நின்னா என்ன அர்த்தம்? அந்தச் சேர்ல உக்காராத, கால் ஆடும். சரி உக்காரு. நீயா எழுதிப் போட்டே? நீயாத்தானா?

சரி, போட்டுட்டே. நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டனே சாருக்கு, ஒண்ணு விடாம. குடோன், ஸ்டிக்கரு, வேனு, எல்லாம். இன்னும் என்ன இருக்குது நீ சொல்றதுக்கு?

ஆமா, கூப்பிட்டே. கூப்பிடலேன்னு நான் சொன்னனா? அப்பா அப்பான்னு ரெண்டு மூணு தடவ கூப்பிட்டா சார், நெசந்தான். எங்காதுல விழுந்துச்சு. பாட்டு சத்தத்த அதுக்கப்பறந்தான் கூட்டுனேன், அதுவும் நெசந்தான். வந்தவங்க முன்னால பொண்ணு கத்துனா என்ன நெனப்பாங்க? உனக்கொசரந்தானே கண்ணு கூட்டுனேன். உன்னையக் கட்டிக் குடுக்கோணும்னுதானே இத்தனையும். எந்த அப்பன் வேணும்னு பண்ணுவான்?

அழுகலீங்க. அன்னைக்குப் போட்ட சாம்பிராணிப் புகைல இருந்து கண்ணு இப்படித்தான் எரியுது.

சார், அதென்ன போன எடுக்கறீங்க? அவ கையப் போட்டோ புடிக்கவா? ஆபீசுக்கு வேணுமுங்களா? சரிங்க, எடுத்துக்குங்க, நான் ஒண்ணுஞ் சொல்லல. கைய மட்டும் எடுங்க. மூஞ்சி விழுகாமப் பாத்துக்குங்க சார், உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். இன்னும் கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு.

என்ன கண்ணு?

மூஞ்சியும் சேத்தே எடுக்கச் சொல்றாளுங்க.